டிரைலர் மாட்டினால் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை: டிராக்டருக்கு எந்தக் கண்ணாடி, எங்கே?

வாழப்பாடி வயக்காடு கேட்டது:

வணக்கம். வண்டி 45 எச்.பி., மேலே நாலு கால் டாப் (நிழல் கூரை) போட்டிருக்கு. டிரைலர் 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், ரெண்டு சக்கரம். குச்சிக்கிழங்கு சீசனில் ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லுக்கு லோடு போகணும். நாலு வழிச் சாலையில் இடது ஓரமா போய்க்கிட்டிருந்து, மீடியன் விட்ட இடத்தில் வலது பக்கம் ஏறித் திரும்பணும். இன்ஜின் சத்தத்தில் பின்னால் அடிக்கிற ஹாரன் காதில் விழாது.

இப்போ மட்கார்டில் ரெண்டு பைக் கண்ணாடி இருக்கு. டிரைலர் இல்லாதப்போ பரவாயில்லை. மாட்டிட்டா முன்பலகை மட்டும்தான் தெரியுது. கேள்வி மூணு: எந்த மாதிரி கண்ணாடி வாங்கணும், எங்கே பிடிக்கணும், ஆடாம எப்படி நிறுத்தணும்? மட்கார்டில் ஓட்டை போடலாமா?

ஆத்தூர் லேத் பதில்:

பைக் கண்ணாடியைக் கழட்டி பைக்குக்கே குடுத்துடுங்க. டேப்பை எடுத்துக்கிட்டு முதல்ல டிரைலர்கிட்ட போங்க, டிராக்டர்கிட்ட இல்லை. கண்ணாடி எவ்வளவு தள்ளி நிக்கணும்னு சொல்றது டிரைலர்தான்.

ஆறரை அடின்னா 78 இன்ச். நடுவிலிருந்து பாதி 39. கண்ணாடியோட உள்விளிம்பு டிராக்டர் நடுக்கோட்டிலிருந்து 40 இன்ச்சில் நிக்கணும். மட்கார்டு வெளிவிளிம்பு இந்த அளவு வண்டியில பெரும்பாலும் 32, 33 இன்ச்சுக்குள்ளதான் வரும், அளந்து பார்த்துக்குங்க. ஆக மட்கார்டைத் தாண்டி ஏழெட்டு இன்ச் வெளியே போகணும். இதை விட்டுட்டு மட்கார்டு மேலேயே எவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சாலும் முன்பலகைதான் பெருசாத் தெரியும்.

இடம்: டாப்போட முன்கால் மட்கார்டில் உட்கார்ற பாதத் தகடு இருக்கில்ல, அதுதான் நல்ல இடம். அங்கே ஏற்கெனவே போல்ட் இருக்கு, தகடும் அங்கேதான் கெட்டி. அதே ஓட்டையில 10 எம்.எம். நீளம் கூடுதலா போல்ட் வாங்கிப் போட்டு, அதோட சேர்த்து ஒரு 5 எம்.எம். தகடு பிடிங்க. அந்தத் தகட்டிலிருந்து ஒரு பைப் மேலே ஏறி, கண் மட்டத்துக்கு வந்ததும் முன்னாடியும் வெளியேயும் சாய்வா போகணும். நேரா பக்கவாட்டில் நீட்டினா ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கணும். திருப்புற நேரம் முன்னாடி ரோடு போயிடும். கண்ணுக்கு ரெண்டரை அடி முன்னாடி கண்ணாடி நின்னா ஓரக்கண்ணாலயே பார்க்கலாம். டாப்போட கால் குறுக்கே மறைக்காதான்னு சீட்டில் உட்கார்ந்து பார்த்துட்டு அப்புறம் உயரத்தை முடிவு பண்ணுங்க.

பைப் விஷயம். கடையில பன்னிரண்டு எம்.எம். ராடை வளைச்சுக் குடுத்துடுவாங்க, வாங்காதீங்க. 20 எம்.எம். வெளி விட்டம், 2 எம்.எம். கனம் உள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) பைப் போடுங்க. ரெண்டும் ஒரே எடைதான். ஆனா வளையாம நிக்கிற பலம் பைப்புக்கு நாலரை மடங்கு. ஒரு பக்கத்துக்கு முட்டுக் கம்பியோட (பைப்பைச் சாய்வாத் தாங்குற கம்பி) சேர்த்து ஒண்ணரை மீட்டர் இருந்தா தாராளம்.

மட்கார்டில் புது ஓட்டை போட்டே ஆகணும்னா:

ஓரத்திலிருந்தும் மடிப்பிலிருந்தும் ஒரு இன்ச்சாவது உள்ளே தள்ளிப் போடுங்க. ஓரத்துல போட்டா ஒரு சீசன்ல விரிசல் விடும். முதல்ல 4 எம்.எம்., அப்புறம் 9 எம்.எம். பிட். 8 எம்.எம். போல்ட் நாலு, 8.8 கிரேடு (போல்ட் தலையில இருக்கிற பலக் குறி), நைலாக் நட்டு (தளராம இருக்க உள்ளே நைலான் வளையம் வெச்சது). உள்பக்கம் 100க்கு 75 எம்.எம். அளவில 3 எம்.எம். பின்தகடு கட்டாயம். வெறும் வாஷர் மட்கார்டைத் தின்னுடும். போல்ட் தலை டயர் பக்கம், நட்டு வெளிப்பக்கம். மாத்திப் போட்டா நீட்டிக்கிட்டிருக்கிற மரையில் சேத்துக் கட்டி மாட்டும், டயர் பட்டனும் உரசும். டெயில் லைட் ஒயர் மட்கார்டுக்கு உள்ளேதான் ஓடுது, துளைக்கிறதுக்கு முன்னாடி கையை விட்டுத் தடவிப் பாருங்க. துளைச்ச விளிம்புக்கு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு.

வெல்டிங்கை வண்டியில வெச்சுச் செய்யாதீங்க. போல்ட்டில் பிடிச்சு, சாக்பீஸில் குறி வெச்சு, கழட்டிக் கொண்டுவந்து மேசையில அடிங்க. வண்டியிலேயே ஒரு பொட்டு வெச்சுத்தான் ஆகணும்னா பேட்டரி மைனஸையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு பண்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க விடுங்க. கம்பெனியிலிருந்தே ரோப்ஸ் வளைவோட வந்த வண்டின்னா அந்த வளைவில் துளையும் கிடையாது, வெல்டும் கிடையாது. யு போல்ட் மட்டும்தான். வண்டி கவிழ்ந்தா ஆளைத் தாங்குற சட்டம் அது, சூடு பட்ட இடம் பலவீனமாயிடும்.

சேலத்துக்காரங்க சில பேரு ஸ்டெயின்லெஸ் பைப் கேட்பாங்க, சேலம் ஸ்டீல் பிளான்ட்டால வந்த ஊர்ப் பாசம். போடலாம். ஆனா அதை எம்.எஸ். தகட்டோட சேர்க்க சாதா வெல்டிங் ராடு ஆகாது, 309 வெல்டிங் ராடு வாங்கணும். பெயின்ட் அடிச்ச எம்.எஸ். போதும்.

கணக்குப்பிள்ளை பதில்:

கம்பியைப் பற்றி லேத் அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. கண்ணாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் லாரிக்குச் சரியாக இருப்பது டிராக்டருக்கு அப்படியே பொருந்தாது.

லாரியில் ஓட்டுநர் வலது கதவை ஒட்டி உட்கார்கிறார். அவர் பக்கத்துக் கண்ணாடி முக்கால் மீட்டர் தூரத்தில் இருக்கும். டிராக்டரில் ஆள் நட்டநடுவில். மேலே சொன்ன அளவில் கண்ணாடியின் நடுப்புள்ளி பக்கவாட்டில் 44 இன்ச், முன்னால் 75 செ.மீ. என்றால், கண்ணிலிருந்து நேர்தூரம் 135 செ.மீ. ஆகிறது. ஜன்னலை விட்டுத் தள்ளி நின்றால் தெரு குறுகித் தெரிவது போலத்தான் இதுவும். 15 செ.மீ. அகலமுள்ள சமதளக் கண்ணாடியில் 30 மீட்டர் பின்னால் தெரிகிற பட்டையின் அகலம் சுமார் 3 மீட்டர்தான். ஒரு தடமே முழுதாக அடங்காது. 20 செ.மீ. அகலம் வாங்கினால் 4 மீட்டர். 60 மீட்டர் தள்ளிப் பார்த்தால் இது இரட்டிப்பாகும். உயரம் கூடுதலாக உள்ள கண்ணாடி இதில் உதவாது, அகலம்தான் வேண்டும்.

குவிந்த கண்ணாடி போட்டால் பரப்பு விரிகிறது. வளைவு ஆரம் 1200 எம்.எம். உள்ள 15 செ.மீ. கண்ணாடியில் அதே 30 மீட்டரில் 10 மீட்டர் அகலம் தெரியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதே 135 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, 50 மீட்டரில் வரும் கார் மூன்றில் ஒரு பங்கு அளவில் தெரியும். கண்ணுக்கு அது 160 மீட்டரில் வருவது போலப் படும். இப்போது உங்கள் வலது திருப்பத்துக்கு வருவோம். நீங்கள் வேகம் குறைத்து மணிக்கு 15 கி.மீ., கார் 80. வித்தியாசம் 65, அதாவது விநாடிக்கு 18 மீட்டர். படத்தைப் பார்த்து ஒன்பது விநாடி இருக்கிறது என்று நினைத்து ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள். உண்மையில் இருப்பது மூன்று விநாடிக்கும் குறைவு. லோடு டிரைலரின் வால் அதற்குள் தடத்தைக் கடந்திருக்காது.

அதனால் வலது பக்கம் இரண்டு கண்ணாடி: மேலே 20 செ.மீ. அகலச் சமதளம், கீழே சின்னதாக ஒரு குவிந்தது. குவிந்தது 'யாராவது இருக்கிறார்களா' என்று சொல்லும். சமதளம் 'எவ்வளவு தூரத்தில்' என்று சொல்லும். குவிந்ததை மட்டும் பார்த்துத் திரும்பக் கூடாது. இடது பக்கம் குவிந்தது ஒன்றே போதும். அங்கே உங்களுக்கு வேண்டியது ஓரத்தில் நுழைகிற பைக்கும் டிரைலர் சக்கரமும்தான், தூரக் கணக்கு இல்லை.

எந்தக் கண்ணாடி போட்டாலும் டிரைலருக்கு நேர் பின்னால் ஒட்டி வரும் பைக் தெரியாது, பின்னால் நிற்கிற குழந்தையும் தெரியாது. களத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே ஓர் ஆள் நிற்பதற்கு மாற்று கிடையாது.

வாழப்பாடி வயக்காடு:

தெளிவா புரிஞ்சுது, ரெண்டு பேருக்கும் நன்றி. கடையில ஆரம் 1200ஆன்னு கேட்டா முழிக்கிறாங்க. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கணக்குப்பிள்ளை:

ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுபோங்கள். கண்ணாடியின் நடுவில் ஸ்கேலின் விளிம்பைக் குறுக்காக நிறுத்திப் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி தெரியும். 150 எம்.எம். அகலத்தில் ஓரத்துக்கு 2 எம்.எம்.முக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் ஆரம் 1200 பக்கம். 5 எம்.எம். இடைவெளி என்றால் ஆரம் 560தான், வண்டிகள் எறும்பு மாதிரி தெரியும், வேண்டாம். இடைவெளியே இல்லாவிட்டால் சமதளம். வலது மேல் கண்ணாடிக்கு இதையும் சோதித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சமதளம் என்று சொல்லி லேசாகக் குவிந்ததைத் தருவது சகஜம்.

சங்ககிரி லைன் பதில்:

கண்ணாடிக்கு டிராக்டர் ஷோரூம் போக வேண்டியதில்லை. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுற இடத்தைச் சுத்தி இருக்கிற ஸ்பேர்ஸ் கடையில் எல்லா அளவும் தொங்கும். முதுகு தகரமா இருக்கிறதைப் பார்த்து எடுங்க, பிளாஸ்டிக் முதுகு வெயில்ல நின்னா ரெண்டு வருஷத்தில் பொரிஞ்சு போகும். முக்கியமா, உங்க பைப்பில் ஒரு துண்டைக் கையோட கொண்டுபோங்க. லாரிக் கண்ணாடி கிளாம்ப் பல அளவில் வரும், 20 எம்.எம்.முக்குப் பொருந்தலைன்னா பைப் நுனியில் கிளாம்புக்கு ஏத்த ராடு ஒரு சாண் வெல்டு பண்ணிக்கலாம். பின்னால் பால் ஜாயின்ட் (கண்ணாடியைத் திருப்புற குண்டு மூட்டு) ஒத்தை ஸ்குரூவில் நிக்கிறது வேண்டாம், ரெண்டு போல்ட்டில் இறுகுறதா பாருங்க.

அதிர்வுக்கு மட்கார்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய டியூப் ரெண்டு மடிப்பு வெச்சு இறுக்குங்க, தீர்ந்துச்சு.

காமிரா கேட்கிறவங்களுக்கு: 12 வோல்ட் காமிரா நம்ம பேட்டரியிலேயே ஓடும், கொக்கி மாட்டுறதுக்கு ரொம்ப வசதி. ஆனா டிரைலர் பின்னாடி வெச்சா ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் ஒயர் ஜாயின்ட்டைக் கழட்டி மாட்டணும், அந்த ஜாயின்ட்தான் முதல்ல போகும். லென்ஸில் சேறு அடிச்சா அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பதிலா வைக்காதீங்க.

ஆத்தூர் லேத்:

டியூப் விஷயத்தில் மட்டும் ஒத்துக்க முடியலைங்க. அடியில ரப்பர் வெச்சா நுனி இன்னும் கூடத்தான் ஆடும். மரத்தோட வேரைத் தளர்த்திட்டு கிளை ஆடக் கூடாதுன்னா எப்படி? அதோட ரப்பர் நாள்பட அமுங்கும், போல்ட் தளரும், ஓட்டை நீளும். ரப்பர் வேணுங்கிற இடம் ஒண்ணுதான்: கண்ணாடிக்கும் அது உட்கார்ற தகரக் கூட்டுக்கும் நடுவில். அங்கே ஒரு எம்.எம். சீட் வெச்சா கிடுகிடுன்னு தட்டுறது நிக்கும். அடித்தகடு இரும்போட இரும்பா இறுகியே இருக்கணும்.

வாழப்பாடி வயக்காடு:

போட்டாச்சு. 20 எம்.எம். பைப், டாப் முன்கால் பாதத்தில் போல்ட். நீட்டு 45 செ.மீ., முட்டு இன்னும் வைக்கலை. டிரைலர் தாண்டி ரோடு நல்லா தெரியுது. ஆனா ஒரு வினோதம்: ஆர்.பி.எம். மீட்டர் 1100 கிட்ட வரும்போது மட்டும் படம் அப்படியே கரைஞ்சு போகுது. 900த்திலும் 1500லயும் சுத்தமா நிக்குது. இன்ஜின் மவுண்ட்டில் ஏதாச்சும் கோளாறா? வண்டி 3 சிலிண்டர்.

கணக்குப்பிள்ளை:

இன்ஜினில் கோளாறு இல்லை, பைப் தன் வேலையைச் செய்கிறது. ஒரு முனை பிடித்து மறுமுனையில் எடை தொங்குகிற எந்தக் கம்பிக்கும் சொந்தமாக ஒரு ஆட்ட வேகம் உண்டு. 45 செ.மீ. நீட்டு, நுனியில் ஒரு கிலோ கண்ணாடி என்றால் உங்கள் பைப்புக்கு அது விநாடிக்குச் சுமார் 28 ஆட்டம். மூன்று சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 1100 சுற்றில் கணக்குப் போட்டால் விநாடிக்கு 27.5 வெடிப்பு. இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளுவது போல, ஒவ்வொரு வெடிப்பும் பைப்பைத் தள்ளிவிடுகிறது. 1500இல் வெடிப்பு 37.5 ஆகிவிடுவதால் தாளம் தப்பிப் படம் நிற்கிறது. இதுவே 12 எம்.எம். ராடாக இருந்தால் ஆட்ட வேகம் 13தான், ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் தலையாட்டும்.

அதிகபட்சம் 2200 சுற்று என்று வைத்தால் வெடிப்பு 55. ஆகவே பைப்பின் ஆட்ட வேகத்தை அதற்கு மேலே கொண்டுபோய்விட்டால் ஓட்டுகிற எந்த வேகத்திலும் மோதாது. வழி, முட்டுதான். நீட்டைக் குறைக்கக் குறைக்க வேகம் ஏறும். ஆனால் உங்களுக்கு நீட்டு டிரைலருக்காக வேண்டும். அதனால் நடுவில் தாங்க வேண்டும்.

முட்டு எங்கே வைப்பது என்பதற்குக் கணக்கே வேண்டாம். வண்டியை நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, 1100இல் நிறுத்துங்கள். இன்னொருவர் பைப்பில் ஒவ்வொரு இடமாகக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும். எங்கே பிடித்தால் படம் தெளிகிறதோ அங்கே சாக்பீஸ் போடுங்கள். பெரும்பாலும் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கில் வரும்.

ஆத்தூர் லேத்:

அந்தக் குறியிலிருந்து கீழே, ஏறுற பைப்போட அடிக்கு, 10 எம்.எம். ராடு ஒண்ணு சாய்ச்சுக் குடுங்க. ரெண்டு முனையும் தட்டையா அடிச்சு போல்ட்டு. முக்கோணம் ஆயிடும். முட்டு ரொம்பப் படுத்துடக் கூடாது, பைப்போட முப்பது டிகிரியாவது விரியணும், இல்லைன்னா சும்மா அலங்காரம்தான். முட்டோட கீழ்முனையை டாப்போட மேல்பாகத்தில் கட்டிடாதீங்க, டாப் தனியா ஆடும், கண்ணாடியையும் சேர்த்து இழுக்கும்.

மத்தவங்களுக்கும் இதோட சொல்லிடறேன். ஒரே ஒரு ஆர்.பி.எம்.ல மட்டும் கரைஞ்சா கம்பி நீட்டு. எல்லா ஆர்.பி.எம்.லயும் கரைஞ்சா எங்கேயோ போல்ட் தளர்ச்சி, இல்லை கூட்டுக்குள்ள கண்ணாடியே லூஸ். விரலால கண்ணாடி மூலையைத் தட்டினா டக் டக்னு சத்தம் வரும். ரோட்டுப் பள்ளத்தில மட்டும் ஆடினா மட்கார்டு தகரம் வளையுது, பின்தகடு சின்னது. புதுசா மாட்டினதை முதல் பத்து மணி நேரம் ஓடினதும் ஒரு தடவை எல்லாப் போல்ட்டையும் இறுக்குங்க. பெயின்ட் அமுங்கித் தளர்றது அந்தச் சமயத்துலதான்.

எஸ்டேட் ரோடு, ஏற்காடு பதில்:

கீழே உள்ளவங்களுக்குச் சொன்னது சரி, மலையில ரெண்டு விஷயம் கூடுதலா இருக்கு.

காப்பித் தோட்டத்துப் பாதையில் ஏழெட்டு இன்ச் வெளியே நீட்டிக்கிட்டுப் போனா மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக்கில் ஒருநாள் இடிக்கத்தான் போகுது. கெட்டியான முக்கோணம் இடிச்சா மட்கார்டையே கிழிச்சிடும். அதனால முட்டு வெச்ச பாகத்துக்கு வெளியே, கடைசி ஒரு சாணில் மடிப்பு வேணும்: செங்குத்தா ஒரு 12 எம்.எம். போல்ட், ரெண்டு பக்கமும் நைலான் வாஷர், நைலாக் நட்டு. கையால அழுத்தித் தள்ளினா மடங்குற அளவுக்கு இறுக்கம், காத்துக்கும் குலுக்கலுக்கும் மடங்கக் கூடாது. மடங்குறது பின்பக்கமா இருக்கணும். மடக்கி விரிச்சதும் பழைய இடத்துக்கு வர, ரெண்டு தகட்டையும் சேர்த்து உளியால ஒரு கோடு வெட்டி விடுங்க. கோடு கோட்டோட சேர்ந்தா சரி. மாந்தோப்பு, தென்னந்தோப்புக்கும் இது பொருந்தும்.

அடுத்தது ஈரம். பனி மாசங்களில் காலையில கண்ணாடி வெள்ளையா வேர்த்து நிக்கும். பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் ஒரு சொட்டு, உலர்ந்த துணியில் தேய்ச்சு பளபளப்பாத் துடைச்சிட்டா முத்து முத்தா நிக்காம படலமா வழியும், படம் தெரியும். ஒவ்வொரு காலையும் போடணும், அலுப்புதான். மேகம் இறங்கிட்டா கண்ணாடியை நம்பித் தூரம் பார்க்கிற பேச்சே இல்லை, டெயில் லைட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் சுத்தமா இருக்கணும். பின்னாடி இருக்கிற கலப்பை லைட்டை ரோட்டில் அணைச்சிடுங்க, வர்றவனுக்கு எதிர் வண்டி மாதிரி தெரியும்.

ரசம் போறது இங்கே சீக்கிரம். ஓரத்திலிருந்து கறுப்பா அரிச்சுக்கிட்டு வரும். சிலிக்கான் ஒட்டு ஓரத்தைச் சுத்தி வைக்கலாம். ஆனா வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலமே ரசத்தைத் தின்னும். நியூட்ரல்னு கேட்டு வாங்கணும். கூட்டோட அடியில 3 எம்.எம். ஓட்டை ஒண்ணு விடுங்க. உள்ளே போன தண்ணி வெளியே வர வழி இல்லைன்னா எந்த ஒட்டும் பிரயோஜனமில்லை.

கொண்டை ஊசியில என்ன தெரியும்னு கேட்பாங்க. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரைக்கும் இருபது இருக்கு. வளைவுக்குள்ள போனதும் உள்பக்கக் கண்ணாடியை டிரைலரே நிறைச்சுடும், வெளிப்பக்கக் கண்ணாடியில பள்ளமோ பாறையோதான். பின்னால் வர்ற வண்டி ரெண்டிலும் தெரியாது. அதனால பின்னாடி பார்க்கிறதை வளைவுக்கு முன்னாடி நேர்ப் பாதையிலேயே முடிச்சுக்கணும். வளைவுக்குள்ள உள்பக்கக் குவிந்த கண்ணாடி ஒரே வேலைக்குத்தான்: டிரைலரோட உள்சக்கரம் உள்ளே வெட்டிக்கிட்டு வரும், அது ஓடைக் கல்லில் ஏறுதான்னு பார்க்க. அந்தக் கண்ணாடியைச் சக்கரம் தெரியிற மாதிரி கொஞ்சம் கீழே குனிய வைங்க.

வாழப்பாடி வயக்காடு:

முட்டு வெச்சாச்சு, 1100லயும் படம் நிக்குது. கையால அழுத்திப் பார்க்கிற வித்தை அருமை. கடைசியா ரெண்டு: கோணம் வைக்கிறது எப்படி? சோளத்தட்டு ஏத்தினா லோடு வெளியே பிதுங்குது, அப்போ என்ன பண்றது?

ஆத்தூர் லேத்:

தட்டுக்கு: 25 எம்.எம். வெளி, 2 எம்.எம். கனப் பைப்புக்குள்ள உங்க 20 எம்.எம். பைப் ஒரு எம்.எம். விளையாட்டோட போகும். பெரிய பைப் வாயில 40 எம்.எம்.முக்கு நீளவாட்டில் வெட்டு விட்டு, மேலே கிளாம்ப் போட்டு இறுக்குனா இழுத்து நீட்டிக்கலாம். எவ்வளவு நீட்டினாலும் உள்ளே 100 எம்.எம். கடி இருக்கணும். நீட்டினப்போ கொஞ்சம் ஆடத்தான் செய்யும், லோடு இறக்கினதும் உள்ளே தள்ளிடுங்க. கண்ணாடி எட்டாத அளவுக்குத் தட்டு பிதுங்குனா குறைச்சு ஏத்துறதுதான் வழி, கம்பியை நீட்டிக்கிட்டே போக முடியாது.

கணக்குப்பிள்ளை:

கோணம் வைக்கும்போது டிரைலர் மாட்டியிருக்க வேண்டும், லோடும் இருக்க வேண்டும். லோடு ஏறினால் டிராக்டர் பின்டயர் அமுங்கும். அன்றாடம் ஓட்டுகிறவரே சீட்டில் உட்கார வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் சீட் ஆளுக்கு ஆள் வேறு உயரத்துக்கு இறங்கும். நீங்கள் வைத்த கோணம் உங்கள் டிரைவருக்கு வானத்தைக் காட்டலாம்.

சமதரையில் வண்டியும் டிரைலரும் ஒரே கோட்டில் நிற்கட்டும். வலது மேல் கண்ணாடியில் உள்விளிம்பில் டிரைலர் பக்கப்பலகை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தெரியட்டும். அது சுத்தமாகத் தெரியாவிட்டால், பார்க்கிற இடம் டிரைலரை ஒட்டியதா அடுத்த தடமா என்று பிடிபடாது. தொடுவானம் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே. பிறகு ஓர் ஆளைக் கையில் துண்டோடு டிரைலர் வாலிலிருந்து பின்னோக்கி நடக்கவிடுங்கள், பக்கப்பலகையிலிருந்து மூன்றடி வெளியே தள்ளி. கீழே உள்ள குவிந்த கண்ணாடியில் அவர் வாலை ஒட்டி நிற்கும்போதே தெரிய வேண்டும். 60 தப்படி போனபின் சமதளக் கண்ணாடியில் முழு ஆளாகத் தெரிய வேண்டும். நடுவில் எங்காவது இரண்டு கண்ணாடியிலும் காணாமல் போனால், அந்த இடைவெளி அடையும் வரை குவிந்த கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். மேல் கண்ணாடியைத் தொடாதீர்கள். எல்லாம் சரியானதும் பால் ஜாயின்ட்டின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கண்ணாடி திரும்பிக்கொள்ளும், மறுபடியும் ஆளை நடக்கவிட வேண்டிவரும்.